அறுத்துக் கட்டும் சாதியும் ஜீவனாம்சமும்

"அவுக அறுத்துக் கட்டுற சாதிதானப்பா. அவுகளுக்கு எதுக்குக் கோர்ட்டும் வக்கீலும்?"

ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்சில் ஒரு பெரியவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்ன வார்த்தை இது. 2018ஆம் வருசம். முன்சீட்டில் எங்கள் தெரு மதினி ஒருவர் மஞ்சள் பையில் கேஸ் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து சண்டை போட்டேன்.

சண்டை போட்டது சரிதான். ஆனால் அன்று ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தப் பெரியவர் சொன்னதையே வேறு வார்த்தையில் நானும் சொல்லியிருக்கிறேன். ஏழு வருசத்துக்கு முன்னால் எங்கள் தெருச் சாவடியில் உட்கார்ந்து, என் கையாலேயே எழுதியும் கொடுத்திருக்கிறேன். அந்த எழுத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைக்க வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், அரசு சிமெண்ட் ஆலையால் பேர் தெரிந்த ஊர். கரிசல் காடு ஒரு பக்கம். வெம்பக்கோட்டை, சிவகாசி என்று நீளும் பயராபீசுகள் மறுபக்கம். பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவில் காடு பாதி, பயராபீஸ் பாதி என்று பிழைப்பு.

1

அறுத்துக் கட்டுவது என்றால் ஒரு தாலியை அறுத்துவிட்டு இன்னொரு தாலி கட்டிக்கொள்வது. புருசன் செத்துப்போனாலும், உயிரோடு இருக்கிற புருசனோடு ஒத்துவராமல் தீர்த்துக்கொண்டாலும், பெண் இன்னொரு வாழ்க்கை தேடிக்கொள்ளலாம். ஆதிக்க சாதிகளுக்கு இது இழிவின் அடையாளம். தாலி அறுத்தவளை மூலையில் உட்கார வைத்தது அவர்களுக்குக் கௌரவம், அவளை மறுபடி வாழ வைத்தது எங்களுக்கு அசிங்கம். எது மனித நியாயம் என்று யாரும் கேட்கவில்லை.

அம்பேத்கர் கேட்டார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா மீதான விவாதங்களில், மணமுறிவு என்பதே இந்து சமூகத்துக்கு அந்நியம் என்று சனாதனிகள் கூச்சல் போட்டபோது அவர் இந்த இடத்தைத்தான் பிடித்தார். நீங்கள் சூத்திரர் என்று ஒதுக்கிய பெரும்பான்மை மக்களிடம் வழக்கப்படி மணமுறிவு இருந்தே வருகிறது, சிறு கூட்டத்தின் வழக்கத்தை எல்லார் தலையிலும் ஏன் சட்டமாகக் கட்டுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதா முடக்கப்பட்டது. 1951 செப்டம்பர் 27இல் அவர் மந்திரி பதவியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பிறகு 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தபோது, வழக்கப்படியான மணமுறிவு செல்லும் என்று 29ஆம் பிரிவில் விட்டுவைத்தார்கள். எங்கள் பாட்டிமார் செய்துவந்ததை டில்லி ஒப்புக்கொண்டது.

தலித் இயக்கத்தில் வளர்ந்த நாங்கள் இந்த வசவைத் திருப்பிப் போட்டோம். ஆமாம், அறுத்துக் கட்டுகிற சாதிதான், எங்கள் பெண்கள் உங்கள் வீட்டுப் பெண்களைவிடச் சுதந்திரமானவர்கள் என்று மேடையில் பேசினோம். கைதட்டு கிடைத்தது. கைதட்டியவர்களில் ஆண்கள்தான் அதிகம். இதே மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1994இல் 'சங்கதி'யில் எங்கள் பெண்கள் வாங்கும் அடியையும் சேர்த்துத்தான் எழுதினார். நாங்கள் அவர்கள் வாய்ச்சாமர்த்தியத்தைப் பெருமையாக எடுத்துக்கொண்டு அடியைப் பேசாமல் விட்டுவிட்டோம்.

2

அந்தச் சுதந்திரம் என்ன விலை? கணக்குப் பார்க்க வேண்டும்.

"துரும்பக் கிள்ளிப் போட்டா முடிஞ்சது" என்பார் என் பாட்டி. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவு அறுந்தது. பெண் வேண்டாமென்று போனால் பரிசப் பணத்தையும் கல்யாணச் செலவையும் அவள் வீட்டார் திருப்பித் தர வேண்டும். ஆண் வேண்டாமென்று விட்டால் தண்டம் கட்டுவான், அந்தத் தண்டமும் பெரும்பாலும் ஊருக்குப் போகும், அவளுக்குப் போகாது. பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள்: ஆம்பளப் புள்ள தகப்பனுக்கு, பொம்பளப் புள்ள தாய்க்கு. பிள்ளை யாரிடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த வாய்ப்பாட்டில் கேள்வியே கிடையாது. யாருக்குச் சம்பாதிக்கும் கை, யாருக்குக் கட்டிக்கொடுக்கும் செலவு என்பதுதான் கணக்கு.

ஆக, வழக்கம் பெண்ணை விடுதலை செய்தது உண்மை. ஆனால் கையில் ஒன்றும் கொடுக்காமல் விடுதலை செய்தது. விட்டுப் போகிற உரிமை இரண்டு பேருக்கும் சமமாக இருந்தது. விட்டுப் போன பிறகு அடுப்பு எரிய வைக்கிற கடமை ஒருத்தியிடம் மட்டும் நின்றது. இதைச் சுதந்திரம் என்று முழங்க ஆணுக்குத்தான் வாய் வரும்.

2011இல் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் என் பெரியப்பா மகன். பயராபீசில் மருந்து ரூம் வேலை, நல்ல கூலி. மதினி சரம் பின்னப் போவார். இரண்டு பிள்ளைகள், ஒன்பது வயதில் பையன், நாலு வயதில் பெண். அண்ணனுக்கு வேறு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அடி, குடி, கடைசியில் வீட்டை விட்டே வெளியே தள்ளியாயிற்று. மதினி அம்மா வீட்டுக்கு வந்து மூணு மாசம் கழித்துச் சாவடியில் பஞ்சாயத்து. பெரியவர்கள் பேசி முடித்தார்கள்: மதினிக்கு முப்பதாயிரம் ரொக்கம், பையன் அண்ணனோடு, பெண் மதினியோடு. எழுதப் படிக்கத் தெரிந்தவன், இயக்கத்துக்காரன் என்று என்னைக் கூப்பிட்டு இருபது ரூபாய்ப் பத்திரத்தாளை நீட்டினார்கள்.

எழுதினேன். 'நாம் இருவரும் மனமொத்து இன்று முதல் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம். இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. ஜீவனாம்சம் கோரிக் கோர்ட்டுக்குப் போவதில்லை.' மதினி பெருவிரலை உருட்டி வைத்தார். பையன் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், யாரோ பிடித்து இழுத்தார்கள். நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

நல்லது செய்ததாகத்தான் அன்று நினைத்தேன். ஸ்டேஷனுக்குப் போகாமல், ஆதிக்க சாதி வக்கீலுக்குக் காசு அழாமல், நம்ம பிரச்சனையை நாமே தீர்த்துக்கொண்டோம் என்று.

3

முப்பதாயிரம் இரண்டு வருசத்தில் கரைந்தது. பெண் வளர்ந்தது. 2018இல் மதினி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்ச மனு போட்டார். அப்போது அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது, அதில் 144ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான். வசதியிருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் தாய் தகப்பனையும் காப்பாற்ற மறுக்கிறவனை மாதாமாதம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம்.

விசாரணையில் அண்ணனின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். என் கையெழுத்தில் இருந்த பத்திரம். அதே பிரிவின் நாலாவது உட்பிரிவு, கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. 'மனமொத்து' என்று நான் எழுதியது பஞ்சாயத்து பாஷை. பத்திரத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டுமே என்று போட்ட வார்த்தை. அந்த வார்த்தைதான் மதினியின் சோற்றில் மண்ணைப் போட்டது.

இதிலுள்ள பொறியைத் தோழர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். முறைப்படி மணமுறிவு வாங்கிய பெண், மறுமணம் செய்யாதவரை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் ஜீவனாம்சம் கேட்கலாம். இருவரும் சம்மதித்து வாங்கிய மணமுறிவானாலும் அந்த உரிமை போகாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் எங்கள் சாவடிப் பத்திரம் மணமுறிவும் ஆகாது. வழக்கப்படி தீர்த்துக்கொண்டோம் என்றால் அப்படியொரு வழக்கம் நம் சாதியில் காலங்காலமாக இருக்கிறது என்று தனியாக எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்பது 2002 தீர்ப்பு. துரும்பு கிள்ளியதற்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது? ஆகவே மதினி மணமுறிவு பெற்றவரும் இல்லை, ஜீவனாம்சம் கேட்கக்கூடிய மனைவியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் எழுதிய பத்திரம் அவரை நிறுத்திவிட்டது.

மதினிக்கு இல்லை என்று 2021இல் உத்தரவானது. ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது பொதுநெறிக்கு விரோதம், செல்லாது என்று எத்தனையோ உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. மேலே போயிருந்தால் நின்றிருக்கும். போக மதினிக்குத் தெம்பில்லை. பெண் பிள்ளைக்கு மட்டும் மாதம் இரண்டாயிரத்து ஐநூறு. பிள்ளையின் உரிமையைத் தாயோ தகப்பனோ ஊரோ எழுதிக் கொடுத்துவிட முடியாது, அதனால் அது தப்பியது.

அன்று கோர்ட்டு வாசலில் மதினி என்னிடம் சொன்னார்: "கொழுந்தனாரே, ஒங்க எழுத்து முத்து முத்தா இருக்குன்னு அவுக வக்கீலே சொன்னாருய்யா."

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

4

இனி இயக்கத் தோழர்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். அது லேசான கேள்வி இல்லை.

"நம்ம ஆளையே ஸ்டேஷன்ல கொண்டுபோய் நிறுத்தணுமா? அவன் அடிக்கிறதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கான், நம்ம பொம்பளைகளே புடிச்சிக் குடுக்கணுமா?"

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து என்ன செய்தது என்று தென்மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களோடு ஊர்வலம் போனவர்கள் தாமிரபரணியில் செத்து மிதந்தார்கள், பதினேழு உயிர். அரசு எங்களுக்கு லத்தியாகத்தான் அறிமுகம். அந்த லத்தியைக் கூப்பிட்டு வீட்டு வழக்கைத் தீர்ப்பது எப்படி நியாயம்?

முதலில், இந்தக் கேள்வி பாதி அறியாமையில் நிற்கிறது. ஜீவனாம்ச மனு போலீசுக்கே போக வேண்டியதில்லை. சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டமாக இருந்தாலும், மனுவில் நிற்கிற ஆண் குற்றவாளி இல்லை, எதிர்மனுதாரர். எப்.ஐ.ஆர். கிடையாது, கைது கிடையாது. பெண் தான் குடியிருக்கிற எல்லைக்குட்பட்ட கோர்ட்டிலேயே போடலாம். ஆனால் நடைமுறையில் நம் பெண்களை எல்லாரும் முதலில் மகளிர் ஸ்டேஷனுக்குத்தான் அனுப்புகிறார்கள். 1992இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த ஸ்டேஷன்கள் பல பெண்களுக்கு உதவியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மதினி போன ஸ்டேஷனில் நடந்தது எங்கள் சாவடியில் நடந்ததேதான். 'ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்கம்மா' என்று எழுதி வாங்கினார்கள். கட்டப்பஞ்சாயத்துக்குக் காக்கி போட்டிருந்தது, அவ்வளவுதான். ஸ்டேஷனைக் கண்டு பயந்து கோர்ட்டையும் விட்டால் நஷ்டம் யாருக்கு?

இரண்டாவது, கேள்வியின் இன்னொரு பாதி நேர்மையில்லாதது. 'நம்ம ஆள்' என்றால் யார்? அண்ணன் நம்ம ஆள். மதினி யார்? அந்தப் பெண்பிள்ளை யார்? ஆதிக்க சாதிக்காரன் கூலியைப் பிடித்துக்கொண்டால் வன்கொடுமை என்று கொடி பிடிக்கிறோம். நம்ம ஆள் பிள்ளைச் சோற்றைப் பிடித்துக்கொண்டால் குடும்ப விவகாரம் என்கிறோம். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்துத்தான் அளப்பேன் என்று அம்பேத்கர் 1942 ஜூலையில் நாகபுரி பெண்கள் மாநாட்டில் பேசினார். அந்த அளவுகோலை நம் போஸ்டரில் அச்சடித்தோம், நம் சாவடியில் வைத்து அளந்து பார்க்கவில்லை.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கஷ்டமான இடம். உத்தரவு போட்ட பிறகும் அவன் கொடுக்காவிட்டால் வாரண்டு வரும். கொடுக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது, சிறை என்பது கொடுக்க வைக்கும் வழியே தவிர கொடுத்ததற்குச் சமம் ஆகாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீபாவளி முடிந்து பயராபீஸ் மந்தமான காலத்தில் வேலையில்லாத தலித் ஒருவனைப் பெண்டாட்டி கேட்டாள் என்று ஜெயிலில் போடுவது தர்மமா?

நான் ரொம்ப நாள் யோசித்தேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்ததும், அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் ஆலைகளை மூடியதும் நினைவிருக்கும். அந்த மாதங்களில் அண்ணனிடம் உண்மையிலேயே காசு இல்லை. அப்படிப்பட்டவனைப் பிடித்துப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். சட்டமும் சொல்லவில்லை. போதிய காரணமில்லாமல் தவறினால்தான் வாரண்டு. வருமானம் குறைந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி அவனும் மனுப் போடலாம். முடியாதவனையும் மாட்டேன் என்கிறவனையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

ஆனால் அதே மாதங்களில் மதினிக்கும் வேலை இல்லை. அவரும் சரம் பின்னுகிறவர்தானே. அவரிடம், காசில்லை, அதனால் இந்த மாசம் பிள்ளைக்குச் சோறு போடாதே என்று யாராவது சொன்னோமா? ஆணின் வறுமை அவன் கடமைக்கு விடுப்பு தருகிறது. பெண்ணின் வறுமைக்கு அந்த விடுப்பு கிடையாது. பிள்ளையின் பசிக்குச் சீசன் கிடையாது. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்த பிறகு, ஜெயில் அநியாயம் என்று மட்டும் பேசிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

5

இன்னொரு சங்கதி. அண்ணனின் கூலி எவ்வளவு என்று கோர்ட்டில் கேட்டார்கள். 'வாரம் ஆயிரத்து ஐநூறு கிடைத்தால் பெரிசு' என்றார். மதினிக்குத் தெரியும், அதைப்போல இரண்டு மடங்குக்குமேல் வாங்குகிறார், அட்வான்சும் தீபாவளிப் போனசும் தனி. நிரூபிக்க ஒரு துண்டுத் தாள் இல்லை. பீஸ் ரேட், சனிக்கிழமை கையில் ரொக்கம், மஸ்டர் ரோலில் பேர் இல்லை, பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. ரூமையே உள்குத்தகைக்கு விட்டிருக்கிற இடத்தில் முதலாளி யார் என்பதே தெரியாது. 'அந்த அம்மாவும்தான் வேலைக்குப் போகிறார்' என்று எதிர்வாதம் வேறு. மனைவி ஏதோ கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதால் மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2020 நவம்பர் 4இல் வந்த தீர்ப்பு, இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கூலியை ஒளித்து வைக்கிற தொழிலில் பிரமாணப் பத்திரம் என்ன சொல்லும்?

இங்கேதான் இயக்கத்துக்கு ஒரு கண் திறக்க வேண்டும். மஸ்டர் ரோலில் பேர் ஏற்று, சம்பளச் சீட்டுக் கொடு என்று கேட்பதைத் தொழிற்சங்க வேலை என்றும், ஜீவனாம்சத்தைப் பெண்கள் விவகாரம் என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே காகிதம். முதலாளி மறைக்கிற கூலிச்சீட்டின் பின்பக்கத்தில்தான் புருசன் மறைக்கிற பிள்ளைச்சோறு இருக்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி பயராபீஸ் வெடித்துப் பல பேர் கருகிப்போனது போன்ற விபத்துகளில், செத்தவன் பேர் ரோலில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அவன் பெண்டாட்டி யார் என்று தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குவது அடுத்த கேள்வி. சாவடியில் துரும்பு கிள்ளிய முதல் பெண்டாட்டி, பதிவில்லாமல் சேர்ந்து வாழ்ந்த இரண்டாவது பெண்டாட்டி, இரண்டு பேருமே வெறுங்கையோடு நிற்பார்கள்.

சேர்ந்து வாழ்ந்தவளுக்கு ஏற்கெனவே நம் ஊர் பேர் வைத்திருக்கிறது: வைப்பு. கோயம்புத்தூரில் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 2010 அக்டோபர் தீர்ப்பு அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைப் போட்டு எழுதியது. அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தலாம் என்று இந்திரா ஜெய்சிங் கோர்ட்டிலேயே ஆட்சேபித்தார். சாவடியானாலும் டில்லியானாலும் பெண்ணுக்குச் சோறு மறுக்கிற இடத்தில் முதலில் ஒரு வசவுச் சொல் வந்து நிற்கிறது. 'அறுத்துக் கட்டுற சாதி' என்று பஸ்சில் கேட்டதும் அந்த வரிசைதான்.

6

இப்போது மூலக் கேள்வி. ஜீவனாம்சம் கேட்பது கையேந்துவதா?

மதினியிடம் அவர் அம்மாவே கேட்டார்: "வேண்டாம்னு போனவன்கிட்டப் போயி எதுக்குடி பிச்ச கேக்குற? ஒங் கையில தெம்பில்லையா?" ரோசமான கேள்வி. நம் பெண்களில் பாதிப்பேர் கோர்ட்டுக்குப் போகாததற்குக் காரணம் இந்த ரோசம்தான். சட்டத்தின் பிறப்பும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. 1898ஆம் வருசத்து நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவாக இது இருந்தபோது, கைவிடப்பட்டவர்கள் தெருவில் பிச்சையெடுத்துத் திரியாமல் தடுப்பதுதான் நோக்கம் என்று நீதிமன்றங்களே விளக்கம் சொன்னன. வெள்ளைக்காரனுக்குத் தெரு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2001 வரைக்கும் மாதம் 500 ரூபாய்க்குமேல் போட முடியாது என்று உச்சவரம்பு வேறு.

என் தாத்தா களத்துமேட்டில் துண்டை ஏந்தி நின்று சோளம் வாங்கியவர். வருசமெல்லாம் அந்தக் காட்டில் உழைத்ததற்கான கூலி அது. ஆனால் அளந்து போட்டவர் அதற்கு வைத்திருந்த பேர் களப்பிச்சை. உழைத்தவனின் பங்கைப் பிச்சை என்று பேர் மாற்றினால் இரண்டு லாபம். கொடுக்கும்போது குறைக்கலாம், கொடுக்காதபோது கேள்வி வராது. இந்தத் தந்திரத்தை உடைக்க நமக்கு ரெண்டு தலைமுறை ஆயிற்று. பிச்சையல்ல, கூலி என்று சொல்லப் பழகினோம்.

அதே தந்திரத்தை நாம் நம் வீட்டில் செய்கிறோம். மதினி சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளை பெற்று, சனிக்கிழமை தன் கூலியையும் அண்ணன் கையில் கொடுத்தவர். அண்ணன் வாங்குகிற கூலிக்குள் அவர் உழைப்பும் இருக்கிறது. பிரிந்தால் அந்தப் பங்கு காணாமல் போகுமா? ஜீவனாம்சம் என்ற வடமொழிச் சொல்லிலேயே அம்சம் என்றால் பங்கு என்றுதான் அர்த்தம். பங்கு கேட்பவளிடம் பிச்சை கேட்காதே என்பது களத்துமேட்டுக்காரன் பேச்சு. அதை நம் வாயால் பேசுகிறபோது நாம் யார் பக்கம் நிற்கிறோம்?

பிள்ளை விசயத்திலும் இதுவேதான். 1956ஆம் வருசத்துச் சட்டம் தகப்பனை முதல் காப்பாளனாக வைத்து, அவனுக்குப் 'பிறகு' தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999 பிப்ரவரியில், தகப்பன் பொறுப்பில் இல்லாத இடத்தில் அவன் உயிரோடிருக்கும்போதே தாய் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளையின் நலன்தான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சாவடியில் நாங்கள் பையனைக் கேட்கவேயில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டான். இப்போது அண்ணன் வேலை பார்த்த அதே வரிசை ரூமில் அவனும் மருந்து அலசுகிறான்.

7

என்ன செய்ய வேண்டும்? இரண்டு மூன்று விசயம் மட்டும் சொல்கிறேன்.

இலவச சட்ட உதவி தயவு அல்ல. 1987இல் இயற்றி 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண் என்பதாலேயே வருமானம் எவ்வளவென்று கேட்காமல் வக்கீல் கிடைக்க வேண்டும். எங்கள் தெருவில் கிறிஸ்தவர்களும் உண்டு. 1950ஆம் வருசத்து ஜனாதிபதி ஆணையால் கிறிஸ்தவத் தலித் ஆணுக்குப் பட்டியல் சாதி என்ற தகுதி இல்லை, ஆனால் கிறிஸ்தவத் தலித் பெண் பெண் என்ற தகுதியிலேயே கேட்கலாம். ஜீவனாம்சப் பிரிவும் எல்லா மதத்துக்கும் பொது. எங்கள் மாவட்டத் தலைநகர் விருதுநகர், ஆனால் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். சட்டப் பணிகள் குழு வட்ட அளவிலும் உண்டு. 15100க்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள். இலவச வக்கீல் சிலர் அசட்டையாக இருப்பதும் உண்மை. அதற்காகக் கேட்பதை விடக்கூடாது, கூடவே ஒருவர் போய் உட்கார வேண்டும். இயக்கத்துக்காரனுக்கு அதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் வருசத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தாலி இல்லாத சுயமரியாதைக் கல்யாணமும் 1967ஆம் வருசத்துத் திருத்தத்தால் செல்லும். மேடையில் கல்யாணம் நடத்தி வைக்கிற தலைவர்கள் பதிவு அலுவலகம் வரைக்கும் கூடப் போனால் நல்லது.

கடைசியாக, எழுதத் தெரிந்தவர்களுக்கு. நம் தெருவில் முதலில் படித்தவன் கையில்தான் ஊர் பேனாவைக் கொடுக்கும். 'எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். எழுத மாட்டேன் என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள், சொந்தம், ஒற்றுமை, சாதி மானம் என்று ஏகப்பட்ட காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தது நான் இல்லை.

அதற்குப் பிறகு பதினோரு பெண்களுக்கு மனு எழுத உதவியிருக்கிறேன், கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மதினியும் சிலரை அனுப்பி வைப்பார். "எங் கொழுந்தன்கிட்டப் போங்க, நல்லா எழுதுவாரு" என்பாராம். அவருக்கு வர வேண்டிய பங்கு மட்டும் இன்னும் வரவில்லை.

பெண் இப்போது காலேஜில் படிக்கிறாள். போன மாசம் அந்தப் பழைய பத்திரத்தின் நகலை எடுத்து முழுசாகப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சித்தப்பா, இதுல அம்மா எந்த எடத்துலயுமே பேசலையே?"

ஆமாம், பேசவில்லை. நாங்கள் கேட்கவில்லை.